கண்ணோட்டமும் கைத்தொலைபேசியும்

காண்பது குற்றமற்ற செயல் என்பது பொதுவான எண்ணம். கை ஒரு பொருளைத் தொட்டால் அதன் இடம் மாறுகின்றது. வாய் ஒரு சொல்லைச் சொன்னால் கேட்டவர் மனம் மாறுகின்றது. கண் ஒன்றைப் பார்த்தால் மட்டும் பார்க்கப்பட்டதில் யாதொரு மாற்றமும் நிகழ்வதில்லை என்று கருதிவருகின்றோம். எமது முன்னோர் இவ்வாறு கருதினர் என்று சொல்லமுடியாது. கண்ணூறு என்றும் நாவூறு என்றும் அவர்கள் அஞ்சினர். குழந்தையின் கன்னத்திற் கரும்பொட்டு இட்டனர். கட்டிமுடியாத வீட்டின் முகப்பில் வெருளியைத் தொங்கவிட்டனர். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்டால் நோய் தீரும் என்று வாதிட யானும் வரவில்லை. ஆயினும் அந்நம்பிக்கையின் அடியிலே ஓர் அறவியல் உண்மை பொதிந்து கிடக்கின்றது. பார்வை ஒரு செயல். செயலாதலால் அதற்குப் பொறுப்பு உண்டு. இவ்வுண்மை யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இன்று புதியதொரு வடிவில் எம்முன் வந்து நிற்கின்றது.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒரு முற்பகற் பொழுது காத்திருப்பவர் எவரும் அதனைக் காணலாம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்லும் படகுகளில் ஊரவரோடு வெளிநாட்டாரும் ஏறுகின்றனர். ஏறியதுமே கையிலுள்ள தொலைபேசியை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்குகின்றனர். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் பெருகிய காட்சி இது. இவருள் இரு வகையினர் உளர். ஒரு நாளில் வந்து ஒரு நாளிற் போகும் உல்லாசப் பயணியர் ஒரு வகையினர். ஆய்வுக்காகவோ தொண்டுக்காகவோ கற்பித்தலுக்காகவோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் எம்மிடையே தங்கி, ஓய்வு நாள்தோறும் தீவகம் நோக்கிச் செல்வோர் மற்றைய வகையினர். முதல் வகையினரைக் குறைகூறுதல் சுலபம், அதனாற் பயனில்லை. இரண்டாம் வகையினரே சிந்தனைக்குரியவர். அவர் நாலு சொல் தமிழ் கற்றவர், ஒடியற்கூழ் குடித்தவர், விடியுமுன் எழுந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து ஒளியைத் தேடிப் போகிறவர். அவரது ஆர்வத்தில் வஞ்சகம் இல்லை. அன்பு உண்டு என்றே சொல்லவேண்டும். அன்போடு எடுக்கப்படும் படத்திலும் தவறு நேரக்கூடுமா என்பதே எமது வினா.

அவர் எவற்றைப் படமாக்குகின்றார்? நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக்கல் மதில்கள், வெட்டவெளியில் அலையும் கட்டைக் குதிரைகள், வெளிநாட்டிலிருந்து வந்து வேரூன்றிய பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு ஆகியன அங்கு உள்ளன. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையும் அருகருகே நிற்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குட் கோட்டையொன்று. இன்று அதனைக் கடற்படையினர் விடுதியாக நடத்துகின்றனர். இவற்றோடு மனிதரும் படமாகின்றனர். வலையிற் சிக்கு எடுக்கும் மீனவர், வேலியோரம் நிற்கும் பல்லில்லாத கிழவி, மாலை வெயிலிலே குடத்துடன் வரும் பெண். குடத்துடன் வருபவளுக்கு அது நேற்றும் நடந்த நடை, நாளையும் நடக்கவேண்டிய நடை. நல்ல தண்ணீர் நெடுந்தீவில் எக்காலத்தும் அரிது. வறட்சி முற்றும் ஆண்டுகளில் அந்த அழகிய குதிரைகளே நீரின்றி மடிவதுண்டு. படத்தில் உவர் தெரிவதில்லை. மாலை வெயில் தெரிகின்றது.

இன்னுமோர் எடுத்துக்காட்டைக் கூறாமல் இவ்விடத்தைக் கடத்தல் இயலாது. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் சென்ற ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நெடுந்தீவார் அவர்களை நினைவுகூருகின்றனர். அப்படகு பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் அதே கடலில் ஓடியது. நெடுந்தீவார் ஒருவர் அதில் ஏறிய பொழுது கண்டதும், புதிதாய் வந்தவர் ஒருவர் அதன் அணியத்தில் நின்று தம்மைத் தாமே படம் எடுத்த பொழுது கண்டதும் ஒரே பலகையே. அறியாமை குற்றமன்று என்பர். ஒரு நாள் வந்தவருக்கு அது பொருந்தும். ஓராண்டு தங்கியவர் அறியாதிருப்பதற்கு முயற்சி வேண்டும்.

இனி, எமது மொழியின் சொற்களை நோக்குவோம். படம் ‘எடுத்தல்’ என்கிறோம். படம் ‘பிடித்தல்’ என்கிறோம். எடுப்பதற்கு உடையவன் ஒருவன் வேண்டும்; பிடிப்பதற்கு ஓடக்கூடிய ஒன்று வேண்டும். மீன் பிடிக்கிறவனையே படம் பிடிக்கும்பொழுது யார் எதைப் பிடித்தார் என்பது வேடிக்கையான வினாவாகத் தோன்றலாம். ஆனால் மீனவன் பிடித்த மீனுக்கு விலையுண்டு, வரியுண்டு, கூறுவான் குரல் உண்டு. மீனவனைப் பிடித்த படத்துக்கு அவனளவில் யாதுமில்லை. சொல்லாராய்ச்சியை அளவுக்கு மீறி நீட்டினால் அது விளையாட்டாகிவிடும். ஆகவே இவ்வளவோடு நிறுத்துகின்றேன்.

வெளியிலிருந்து வந்தோர் எம்மைப் படமாக்கியமை கைத்தொலைபேசியோடு தொடங்கியதன்று. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலத்தில் இங்கு வந்த பிலிப்பஸ் பல்டேயஸ் என்னும் மதகுரு சில ஆண்டுகள் எம்மிடையே வாழ்ந்தார். 1672 இல் அம்ஸ்ரர்டாமில் அவரது பெருநூல் அச்சேறியது. எமது எழுத்துகளும் கோயிற்பற்றுகளின் தோற்றங்களும் சித்திரத் தகடுகளாக அதில் இடம்பெற்றன. அந்நூல் இல்லையாயின் பதினேழாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தைப் பற்றி நாம் அறிவது மிகவும் குறைந்துவிடும். அதே காலத்தில்தான் எமது தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களை ஒல்லாந்தர் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. முன்னைய இரண்டும் வழக்கொழிந்தன. டெல்வ்ற் இன்றும் அரசாங்கப் பத்திரங்களில் வாழ்கின்றது. ஒருவர் எம்மைப் பதிவு செய்ததற்கு நன்றியுடையவராகவும், அப்பதிவிலே எமது பெயர் அழிந்ததற்கு வருந்துபவராகவும் ஒரே வேளையில் நாம் இருக்கவேண்டியுள்ளது.

பெயர் பற்றிய இச்சிக்கல் இன்னுந் தெளிவாக வெளிப்படுவது யூலியா மார்கரெற் கமரன் அம்மையாரின் வாழ்விலே. கல்கத்தாவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இவ்வம்மையாருக்கு 1863 இல், நாற்பத்தெட்டு வயதளவில், கமரா ஒன்று பரிசாகக் கிடைத்தது. தெனிசன், டார்வின், ஹேர்ஷெல் முதலானோரை அவர் எடுத்த படங்கள் ஒளிப்படக் கலை வரலாற்றில் நிலைபெற்றவை. 1875 இற் கணவரோடு இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே காலமானார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவற்றுட் பெரும்பாலானவற்றில் உழைக்கும் எளிய மக்கள் நிற்கின்றனர். அவர்களின் பெயர்கள் இல்லை. 1877 இற் களுத்துறையில் அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த் அம்மையாரின் படமும் உண்டு. அதற்குப் பெயர் உண்டு. ஒரே கை, ஒரே கமரா, ஒரே வீடு. கலைத்திறனில் ஏற்றத்தாழ்வு இல்லை. நோர்த் என்பவர் ஒருவர். மற்றையோர் ஒரு ‘வகை’. ஒருவரை ஒருவராகக் காணாது வகையாகக் காண்பதே இங்கு நிகழ்ந்த தவறு எனின், அத்தவறு அம்மையாருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்துப் படப்பிடிப்பு நிலையங்கள் ‘தமிழ்ப் பெண்’ என்றும் ‘சுதேசி’ என்றும் தலைப்பிட்டு அட்டைகளை விற்றுக்கொண்டிருந்தன.

கைத்தொலைபேசி எதனைப் புதிதாகச் சேர்த்தது? முக்காலியும் கறுப்புத் துணியும் பெரிய பெட்டியும் இருந்த காலத்திற் படம் எடுப்பவர் தம்மை மறைக்க இயலவில்லை. எதிரே நிற்பவரின் உடன்பாடின்றி அசையாதிருக்கச் செய்வதும் இயலவில்லை. சுருளில் முப்பத்தாறு படங்களே உண்டு என்ற நிலையிற்கூட ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு கணம் எண்ணவேண்டியிருந்தது. இன்று கடிதம் வாசிப்பவர் போலவே இருந்துகொண்டு ஒருவரைப் படம் எடுக்கலாம். யப்பானில் 2000 ஆம் ஆண்டளவிற் கமரா பொருத்திய தொலைபேசிகள் பரவத் தொடங்கியபின், படம் எடுக்கும்பொழுது அணைக்கமுடியாத ஓசையொன்று எழும்படி அவற்றை ஆக்கினர். கள்ளத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுப்பதே நோக்கம். ஓர் ஓசையால் அறத்தைக் காக்கமுடியுமா என்று நகைக்கலாம். எனினும் ‘நீ காணப்படுகின்றாய்’ என்று காணப்படுபவருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதை ஒரு சமுதாயம் ஒப்புக்கொண்டமை சிறிய செயலன்று.

இந்து சமய வழக்கிலே காணுதல் இருபாற்பட்டது. கோயிலுக்குச் செல்பவர் தெய்வத்தைக் காண்கின்றார்; தெய்வமும் அவரைக் காண்கின்றது. விக்கிரகத்துக்குக் கண் திறத்தல் இறுதிச் சடங்காக அமைவதும் இதனாலேயே. எம்மூர்க் கோயில்களிற் கருவறையைப் படம் எடுத்தல் ஏற்கப்படாமைக்குப் பல காரணங்கள் சொல்லப்படும். எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது, தன்னைத் திருப்பிப் பார்க்க இடங்கொடாத பார்வை தரிசனமாகாது என்பதே. கமராவின் பின் நிற்பவர் பார்க்கின்றார். அவர் முகத்தைக் கருவி மறைக்கின்றது.

இவ்விடத்தில் வள்ளுவர் எமக்குத் துணையாகின்றார். ‘கண்ணோட்டம்’ என்னுஞ் சொல்லை இன்று நாம் நோக்குநிலை என்ற பொருளில் வழங்குகின்றோம். வரலாற்றுக் கண்ணோட்டம், மார்க்சியக் கண்ணோட்டம் என்று எழுதாத கட்டுரையே இல்லை எனலாம். திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்திற்கு அதுவே பெயர். அங்கு அதன் பொருளோ வேறு. கண்டவர்மேல் கண் சென்றவிடத்து உள்ளத்திற் பிறக்கும் இரக்கமே கண்ணோட்டம். அஃதில்லாத கண் முகத்திலிருந்தும் பயனில்லை என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அதிகாரம் நிற்கும் இடமும் மனங்கொளத்தக்கது. அதற்கு முன்னையது வெருவந்த செய்யாமை; பின்னையது ஒற்றாடல். மக்களை அச்சுறுத்தாமைக்கும் ஒற்றரை ஏவி வேவு பார்ப்பதற்கும் நடுவிலே கண்ணோட்டம் அமர்ந்திருக்கின்றது. வைப்புமுறை வள்ளுவருடையதா உரையாசிரியருடையதா என்ற ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, தீவகத்தாருக்கு இவ்வரிசை அனுபவத்தால் விளங்கும். போர்க்காலத்திற் கமராவோடு அகப்படுதல் ஒற்றரெனச் சந்தேகிக்கப்படுவதற்குப் போதுமானதாயிருந்தது. பார்க்கப்படுதல் என்பதன் முதற் பொருள் குறித்துவைக்கப்படுதல் என்றே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அத்தலைமுறையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தம்மை நோக்கித் தொலைபேசி உயரும்பொழுது முகத்தைத் திருப்பினால், அதனை நாணம் என்றோ நாட்டுப்புறத்தான் தன்மை என்றோ கொள்ளுதல் தகாது.

பரிமேலழகர் கண்ணோட்டத்தை விளக்குமிடத்து, பழகியவரைக் கண்டால் அவர் கேட்பதை மறுக்கமாட்டாத நெகிழ்ச்சி என்ற கருத்தில் உரை செய்வார். இஃது எமது வினாவுக்கு இன்றியமையாதது. பழக்கம் இல்லாதவிடத்துக் கண்ணோட்டம் பிறக்க இடமில்லை என்பது பெறப்படுகின்றது. அவ்வாறாயின் அந்நியர் எவரும் அதற்கு அருகரல்லர் என முடிக்கவேண்டுமா? அன்று. பழகுவதற்குத் தடை பிறப்பன்று. ஒல்லாந்தில் அல்லது பிரான்சிற் பிறந்தவர் நெடுந்தீவில் ஓர் ஆண்டு பழகினால், கொழும்பிற் பிறந்து ஒரு மணித்தியாலம் வந்துபோகும் தமிழரினும் அவர் அயலவராவார். அளவுகோல் இதுவே: படம் எடுக்கப்பட்டவர் ‘அதை அழித்துவிடு’ என்று கேட்கக்கூடிய நிலையில் இருக்கின்றாரா? கேட்டால் இவரால் மறுக்கமுடியாதிருக்குமா? ஆம் எனின் அங்கே கண்ணோட்டம் உண்டு.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய்தல் வேண்டும். படம் நன்மை செய்கின்றது என்பது வலிய வாதம். 1936 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிற் பட்டாணி பறிக்க வந்து பட்டினி கிடந்த தாய் ஒருத்தியை டொரத்தியா லாங் எடுத்த படம் உலகறிந்தது. அது பத்திரிகையில் வெளிவந்ததும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அத்தாயும் பிள்ளைகளும் வேறிடம் போய்விட்டனர். அவள் பெயரை லாங் கேட்டுவைக்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் 1978 இலேயே வெளிப்பட்டது. தன் படத்தாற் தனக்கு எதுவுங் கிடைக்கவில்லை என்றே அவர் அப்பொழுது கூறினார். படம் நன்மை செய்தது என்பதை மறுக்கவியலாது. ஒருவருடைய முகத்தினாற் பலருக்கு விளைந்த நன்மை, அந்த ஒருவரைக் கேளாதிருந்தமையை நியாயப்படுத்துமா? மனிதரை ஒருபொழுதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ற் என்னும் ஜேர்மனிய மெய்யியலாளர் நியாயப்படுத்தாது என்றே சொல்வார். பட்டினி கிடந்த முகாமிலுள்ளோர் வேறுவிதமாகச் சொல்லலாம். என் அளவில், பெயரைக் கேட்க ஒரு நிமிடம் போதும். உணவு அனுப்புவதை அந்த ஒரு நிமிடம் தாமதப்படுத்தியிராது.

பொது இடத்தில் நிற்பவரை எவரும் பார்க்கலாம், பார்ப்பதைப் பதிவு செய்தலில் என்ன பிழை என்பது இன்னொரு வாதம். பார்வை மறைந்துவிடும், படம் நின்றுவிடும், பயணமுஞ் செய்யும். குறிகாட்டுவானில் என்னைப் பார்த்தவர் குறிகாட்டுவானில் என்னைப் பார்த்தார். என் படத்தைப் பார்ப்பவர் நான் அறியாத ஊரிலே, நான் அறியாத வாக்கியத்தின் கீழே என்னைப் பார்க்கின்றார். சட்டமும் இங்கே விந்தையானதொரு பாகுபாட்டைச் செய்கின்றது. 2012 ஆம் ஆண்டில் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோற் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சு நாட்டுப் பயணியருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. சிலைக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. நயினாதீவு விகாரையின் வாசலிற் கச்சான் விற்கும் பெண்ணின் முகத்துக்கும் அதிற் பாதியளவு மரியாதையேனும் வேண்டும் என்பதே என் கட்சி.

‘அவர்களே விரும்பி நிற்கின்றனரே’ என்பது மூன்றாவது. உண்மைதான். எமது சிறுவர் தொலைபேசியைக் கண்டால் ஓடிவந்து நிற்பர். தம் முகத்தைத் திரையிற் கண்டு ஆரவாரிப்பர். அம்மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடலாகாது. அஃது அந்தக் கணத்துக்குரிய உடன்பாடு. அப்படம் ‘போரின் எச்சங்கள்’ என்றோ ‘வறுமையிலும் புன்னகை’ என்றோ தலைப்புப் பெறுவதற்கான உடன்பாடு அதனுள் அடங்குமா என்பது வேறு கேள்வி. தன் பிள்ளை வறியவன் என்று உலகத்துக்கு அறிவிக்கப்படுவதை எந்தத் தாய் விரும்புவாள்?

அந்நியரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றேன். 1980களிற் புலம்பெயர்ந்த எம்மவரும் அயல்நாட்டில் அந்நியரே. அவர்களுக்கும் படம் எடுக்கும் ஆர்வம் இருந்தது. பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த உறைகளில், பனியில் முழங்காலளவு புதைந்து நின்றும், யாருடையதோ கார் ஒன்றிற் சாய்ந்து நின்றும் எடுத்த படங்கள் வரும். அவற்றில் அந்நாட்டு மக்கள் இருப்பதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். எம்மவர் தம்மையே எடுத்தனர். ‘நான் நலம்’ என்று தாய்க்குச் சொல்வதற்காக எடுத்தனர். இரவற் காரிற் சிறிது பொய் இருந்தது; எவருக்குந் தீங்கு இருந்ததில்லை. அதே மனிதர் முப்பது ஆண்டு கழித்துப் புங்குடுதீவுக்கோ வேலணைக்கோ திரும்பி வருகின்றார்கள். இப்பொழுது அவர் கையிலுள்ள தொலைபேசி கூரையிழந்த வீடுகளையும் பாழ்கிணறுகளையும், அங்கேயே தங்கிவிட்ட ஒன்றுவிட்ட சகோதரரின் கிழிந்த சாரத்தையும் எடுக்கின்றது. ‘எங்கட ஊர்’ என்ற உரிமை அவர் நாவில் உண்டு. தங்கியவரிடம் கேட்டாரா என்று வெள்ளையரிடம் கேட்கும் அதே கேள்வியை இவரிடமும் கேட்கவேண்டும். உறவுமுறை இருப்பதாற் கேள்வி இன்னுங் கூர்மையாகின்றதே தவிரக் குறைவதில்லை.

இவ்வளவையும் வாசிப்பவர், படமே வேண்டாம் என்று யான் கூறுவதாக எண்ணலாம். எமது மண்ணிற் படத்துக்கு வேறொரு பொருளும் உண்டு. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமரத் தொடங்கினர். அவர்கள் கைகளில் இருந்தவை படங்களே. பல தடவை இடம்பெயர்ந்தவர்களிடம் அல்பம் ஏது? தீவக மக்கள் 1990களின் தொடக்கத்திலேயே வீடுகளை விட்டு வெளியேறியவர்கள். அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய முகத்தைப் பெருப்பித்து, மங்கிய புள்ளிகளாகிய மகனைச் சட்டமிட்டு வைத்திருக்கும் தாயர் பலர். அவர்கள் கமராவுக்கு முகம் திருப்புவதில்லை. படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, ‘எடு, கொண்டுபோய்க் காட்டு’ என்கின்றனர். வேலியோரத்துக் கிழவியும் வீதியோரத்துத் தாயும் ஒரே வயதினராக இருக்கலாம். முன்னவளின் படத்தை ஒருவர் தம் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டார். பின்னவள் தன் தேவைக்காக அவரைக் கொண்டு எடுப்பிக்கின்றாள். ஒருவேளை இருவரையும் எடுத்தவர் ஒருவராகவே இருக்கலாம்.

ஆகவே அந்நியரிடம் கேட்கவேண்டியது ஆர்வத்தைக் கைவிடும்படியன்று. சுருட்படக் காலத்தில் ‘படத்தை அனுப்புகிறேன்’ என்று முகவரி எழுதிப்போனவர்களுள் அனுப்பியோர் சிலரே. கழுவுவதும் அச்சிடுவதும் தபாலும் அதற்குச் சாட்டாயின. இன்று தீவகத்து வீடுகளிலும் தொலைபேசி உண்டு. எடுத்த இடத்திலேயே, எடுக்கப்பட்டவரின் மகளுடைய தொலைபேசிக்கு அப்படத்தை அனுப்பிவிடலாம். அனுப்புவதற்கு இலக்கம் கேட்கவேண்டும். இலக்கத்தைப் பதிவதற்குப் பெயர் கேட்கவேண்டும். பெயர் கேட்டவரை ‘எந்த ஊர், பிள்ளை? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்’ என்று கிழவி திருப்பிக் கேட்பாள். படகு புறப்படுதற்குள் அந்தத் தேத்தண்ணிக்கு நேரம் போதாமற் போகலாம். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு அடுத்த படகு எத்தனை மணிக்கு என்பதை அவளே சொல்வாள்.